களத்தில் மஞ்சள் அட்டை, மறுநாள் காலவரையற்ற தடை: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தில் வன்முறைக்கு யார் தண்டனை தருகிறார்கள்?

2009 நவம்பர் 5 அன்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பில் மகளிர் கால்பந்து அரையிறுதி ஒன்று நடந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 1-0 என்ற கணக்கில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தை வென்றது. அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுவது கோலுக்காக அல்ல. நியூ மெக்சிகோவின் தடுப்பாட்டக்காரர் ஒருவர், எதிரணி முன்கள வீராங்கனையின் குதிரைவால் கூந்தலைப் பின்னாலிருந்து பற்றி, ஒரே இழுப்பில் தரையில் சாய்த்தார். அதே ஆட்டத்தில் முதுகில் முழங்கையால் இடித்தது, முகத்தில் கை படும்படி மோதியது, காலை இடறிவிட்டது என்று வேறு காட்சிகளும் இருந்தன.

நடுவர் அவருக்குக் காட்டியது ஒரே ஒரு மஞ்சள் அட்டை. அவர் களத்திலிருந்து வெளியேற்றப்படவில்லை. மறுநாள், அவருடைய சொந்தப் பல்கலைக்கழகமே அவரைக் காலவரையின்றி அணியிலிருந்து இடைநீக்கம் செய்தது. அதற்குள் காணொலி நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீராங்கனையின் பெயரும் அப்போது உலகெங்கும் அடிபட்டது. அவர் இருபது வயது மாணவி. இந்த விளக்கத்துக்கு அவர் பெயர் தேவையில்லை.

ஒரே செயலுக்குக் களத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, களத்துக்கு வெளியே எல்லையே சொல்லப்படாத தடை. இந்த இடைவெளி எப்படி வந்தது? காணொலியைப் பார்த்த பலரும் நடுவரைத் திட்டினார்கள். சிலர் பல்கலைக்கழகம் மிகைப்படுத்தியது என்றார்கள். இரண்டு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கல்லூரிக் கால்பந்தில் தண்டிக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இல்லை. அது நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் தனி அளவுகோல், தனி அக்கறை. அதைப் புரிந்துகொண்டால்தான் எது நியாயம் என்று பேச முடியும்.

ஃபவுல் எங்கே முடிகிறது, வன்முறை எங்கே தொடங்குகிறது

கால்பந்து உடலோடு உடல் மோதும் ஆட்டம். தோளோடு தோள் உரசாமல் பந்தை வெல்ல முடியாது. அதனால் விதிகள் மோதலைத் தடை செய்வதில்லை. மோதலின் தன்மையைத்தான் அளக்கின்றன. உலகக் கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு 12-ஆம் விதியில் மூன்று படிகளை வைத்திருக்கிறது:

1. கவனக்குறைவு. எதிராளியைப் பொருட்படுத்தாமல் பந்துக்குப் போனது. ஃப்ரீ கிக் மட்டும்; அட்டை கிடையாது.

2. பொறுப்பற்ற துணிச்சல். எதிராளிக்கு ஏற்படக்கூடிய ஆபத்தை அலட்சியம் செய்தது. மஞ்சள் அட்டை.

3. அளவு மீறிய பலம். தேவைக்கு மேல் வலுவைப் பயன்படுத்தி, எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவித்தது. சிவப்பு அட்டை.

மூன்றாவது படிக்குள் இன்னொரு பிரிவினை உண்டு. பந்துக்காகப் போட்டியிடும்போது அளவு மீறினால் அது கடுமையான ஃபவுல் ஆட்டம். பந்துக்கே தொடர்பில்லாமல் தாக்கினால் அது வன்முறை நடத்தை. இரண்டுக்கும் சிவப்பு அட்டைதான். ஆனால் ஆட்டத்துக்குப் பிறகு தடையின் நீளத்தை முடிவு செய்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். பந்தைக் குறிவைத்துத் தவறியவரையும், ஆளைக் குறிவைத்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது அதிலுள்ள நியாயம்.

முடியை இழுப்பது இதில் எங்கே சேரும்? உலக விதிப் புத்தகத்தில் அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. சட்டையைப் பிடிப்பதைப்போல ‘பிடித்து நிறுத்துதல்’ என்று ஒரு நடுவர் கருதினால் ஃப்ரீ கிக்கோடு முடிந்துவிடும். மிஞ்சினால் மஞ்சள் அட்டை. வன்முறை நடத்தை என்று கருதினால் நேரடிச் சிவப்பு. சட்டை இழுபட்டால் துணிதான் நீளும். கூந்தல் இழுபட்டால் கழுத்து பின்னோக்கி முறுக்கப்படும். முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் உடலிலிருந்து தலை மட்டும் பின்னால் இழுக்கப்படுகிறது. விழுபவருக்குக் கையை ஊன்ற நேரமிருக்காது. பிடரி தரையில் மோதும். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் விளையாட்டுகளில் மூளை அதிர்ச்சிக் காயங்கள் அதிகம் பதிவாகும் ஆட்டங்களில் கால்பந்தும் ஒன்று. அப்படிப்பட்ட ஆட்டத்தில் கூந்தலைப் பற்றி இழுப்பதை ‘பிடித்து நிறுத்துதல்’ என்ற எளிய பெட்டிக்குள் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி ஆட்டத்துக்குத் தனி விதிப் புத்தகம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலக விதிகளை அப்படியே பின்பற்றுவதில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ தனியாக ஒரு விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து கீழ்நோக்கி ஓடும். அட்டை காட்டும்போது நிறுத்தப்படும். நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமான வேறுபாடுகள் மூன்று.

முதலாவது, சண்டைக்கென்று தனி வரையறை. எதிராளியையோ, நடுவரையோ, பயிற்சியாளரையோ தீய நோக்கத்தோடு வேண்டுமென்றே அடிப்பதும் குத்துவதும் சண்டை. அடிக்க முயல்வதும் சண்டைதான். கை படாவிட்டாலும் ஓங்கியதே குற்றம். சிவப்பு அட்டை பெற்றவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது என்பது பொது விதி. சண்டைக்காக வெளியேற்றப்பட்டால், அதுவும் மீண்டும் மீண்டும் செய்தால், தடை இன்னும் கடுமையாகும்.

இரண்டாவது, மஞ்சள் அட்டைகளின் கணக்கு. ஒரு பருவத்தில் ஐந்து மஞ்சள் அட்டைகள் சேர்ந்தால் ஓர் ஆட்டத் தடை. ஒரே ஆட்டத்தில் எல்லை மீறாமல், ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முரட்டுத்தனம் காட்டுபவர்களுக்கான கடிவாளம் இது.

மூன்றாவது பலருக்கும் தெரியாதது. உலக விதிகளின்படி நடக்கும் பெரிய போட்டிகளில், மாற்றப்பட்டு வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப வர முடியாது. கல்லூரி ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் வெளியே போனவர் ஒருமுறை மீண்டும் உள்ளே வரலாம். அதாவது, தன் வீராங்கனை நிதானமிழப்பதைப் பார்க்கும் பயிற்சியாளர் அவரைப் பத்து நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேசி, திரும்ப அனுப்பலாம். அணிக்கு இழப்பே இல்லை. தொழில்முறைக் கால்பந்துப் பயிற்சியாளர் யாருக்கும் இல்லாத வசதி இது. 2009 அரையிறுதியைப் பற்றிய பேச்சில் நடுவரைப் பற்றி ஆயிரம் கேள்விகள் எழுந்தன. ஆனால் ஒருவர் அடுத்தடுத்து மோதிக்கொண்டிருந்தபோது பெஞ்சிலிருந்து ஏன் ஒரு மாற்றம் வரவில்லை என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்க வேண்டும்.

மூன்று ஜோடிக் கண்களும் பந்தின் மீது

நடுவர் எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்பதற்கு வருவோம். ஒரு தலைமை நடுவர், எல்லைக் கோட்டருகே இரண்டு உதவி நடுவர்கள். மூன்று பேர், இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள். தலைமை நடுவர் களத்தின் குறுக்காக, மூலைவிட்டமாக ஓடுவார். பந்தை அவருக்கும் அருகிலுள்ள உதவி நடுவருக்கும் நடுவில் வைத்துக்கொள்வதுதான் நோக்கம். உதவி நடுவர் பாதி நேரம் ஆஃப்சைடு கோட்டில் கண்ணைப் பதித்திருப்பார். இந்த ஏற்பாடு பந்தைச் சுற்றி நடப்பதைப் பார்ப்பதற்காக அமைந்தது. பந்து விலகிப் போன அடுத்த நொடியில், அது இருந்த இடத்தில் நடப்பதுதான் இதன் குருட்டுப் புள்ளி. கூந்தல் இழுப்பு, முழங்கைக் குத்து, காலை மிதிப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த நொடியில்தான் நிகழ்கின்றன. செய்பவருக்கும் அது தெரியும்.

இன்னொரு சிக்கல், தொலைக்காட்சி காட்டும் காட்சி. ஒரு கேமரா ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து, தொண்ணூறு நிமிடத்தில் நடந்த நான்கைந்து மோதல்களை இரண்டு நிமிடத்துக்குள் அடுக்கிக் காட்டும்போது, பார்ப்பவருக்கு அது இடைவிடாத தாக்குதலாகத் தெரியும். நடுவருக்கு அவை பதினைந்து இருபது நிமிட இடைவெளியில், வெவ்வேறு கோணங்களில், பாதி மறைந்த நிலையில் நடந்தவை. அந்தத் தடுப்பாட்டக்காரர் பிறகு நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் தன் செயலுக்கு ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். எதிரணியினரும் தன்னை இழுத்ததையும் இடித்ததையும் குறிப்பிட்டார். காணொலித் தொகுப்பின் ஒரு துண்டில் அவர் விலாவில் எதிரணி முழங்கை படுவதைக் காணலாம். இவற்றால் கூந்தல் இழுப்பு நியாயமாகிவிடாது. ஆனால் தண்டனை முடிவு செய்பவர்கள் தொகுத்த காட்சியைப் பார்க்கக் கூடாது, முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நடுவர் தவறவிட்டதைப் பிறகு திருத்த முடியாதா? முடியும், ஆனால் எங்கே என்பதைப் பொறுத்தது. 2014 உலகக் கோப்பையில் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்தார். நடுவர் பார்க்கவில்லை, அட்டை இல்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா காணொலியை வைத்து அவருக்கு ஒன்பது சர்வதேச ஆட்டத் தடையும், நான்கு மாதம் கால்பந்துச் செயல்பாடு எதிலும் ஈடுபடத் தடையும் விதித்தது. நடுவரின் கண்ணுக்குத் தப்பிய கடுமையான குற்றங்களைத் தண்டிக்க அதன் ஒழுங்குக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது. குழுவில் இருந்தவர்கள் உருகுவே அணியின் ஊழியர்கள் அல்ல. நியூ மெக்சிகோ விஷயத்தில் முந்திக்கொண்டு தண்டித்தது யார் என்று பாருங்கள்: அந்த மாணவியைத் தேர்ந்தெடுத்த, பயிற்றுவித்த, அவர் வெற்றியால் பெயர் பெறும் அதே நிறுவனம்.

தண்டிக்கும் கைகள்

யார் யாருக்கு என்ன அதிகாரம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. நடுவர். ஆட்டம் தொடங்கும் முன்பிருந்து முடியும்வரை களத்தின் முழு அதிகாரம் அவரிடம். எச்சரிக்கலாம், வெளியேற்றலாம். ஆனால் தான் பார்த்ததை, அல்லது உதவி நடுவர் பார்த்துச் சொன்னதை வைத்துத்தான்.

2. விதிப் புத்தகம். வெளியேற்றப்பட்டவருக்குத் தானாக வந்து சேரும் தடை. இதில் விசாரணையோ வாதமோ இல்லை. இதன் பலவீனமும் அதுதான்: சிவப்பு அட்டை காட்டப்பட்டால் மட்டுமே இந்தப் பொறி இயங்கும். நடுவர் மஞ்சளோடு நிறுத்திவிட்டால் விதிப் புத்தகம் மௌனம்.

3. கூட்டமைப்பு. மவுண்டன் வெஸ்ட் போன்றவை, ஒரு வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள். விளையாட்டு நெறி மீறல்களுக்குக் கண்டனம் தெரிவிக்கவும் தடை விதிக்கவும் இவற்றுக்கு இடமுண்டு. ஆனால் உறுப்பினர்களே நடத்தும் அமைப்பு என்பதால், பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு தண்டித்துவிட்டால் கூட்டமைப்பு அதை ஆமோதித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இயல்பாகிவிடுகிறது.

4. பல்கலைக்கழகமும் பயிற்சியாளரும். இங்கேதான் அதிகாரம் மிக அதிகம், வரையறை மிகக் குறைவு. அணியில் யார் ஆடலாம் என்பது முழுக்க இவர்கள் கையில். ‘காலவரையற்ற’ என்ற முடிவை ஒரே இரவில் அறிவிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

நான்காவது இடத்தில் அப்போது இன்னொரு கத்தியும் தொங்கியது. 1973 முதல் என்சிஏஏ விதிப்படி விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்கலாம் என்ற அனுமதி 2012-ஐ ஒட்டித்தான் வந்தது. என்சிஏஏவின் உயர்மட்டமான முதல் பிரிவு மகளிர் கால்பந்தில் அப்போது ஓர் அணிக்கு 14 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகைதான் வரம்பு. அதை இருபதுக்கு மேற்பட்ட வீராங்கனைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட நிலையில் காலவரையின்றி இடைநீக்கம் என்றால், அது சில ஆட்டங்களின் இழப்பு மட்டுமல்ல. அடுத்த ஆண்டுக் கல்விக் கட்டணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. முறையீடு செய்யலாமே என்றால், விளையாட்டு அணியில் ஆடுவது அரசியலமைப்பு பாதுகாக்கும் உரிமை அல்ல என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்லி வந்திருக்கின்றன. என்சிஏஏ அரசு அமைப்பு அல்ல, எனவே அரசு பின்பற்ற வேண்டிய விசாரணை முறைகள் அதைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல், கூடைப்பந்துப் பயிற்சியாளர் டார்கானியன் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது.

நியூ மெக்சிகோ வீராங்கனை 2010 பருவத்தில் அணிக்குத் திரும்பி ஆடினார். காலவரையற்றது என்று தொடங்கிய தடைக்குக் காலம் பிறகுதான் கிடைத்தது.

அதே காலத்தில் வேறு மூன்று முடிவுகள்

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் தள்ளாட்டம் தெரியும். எல்லாம் அதே கல்விப் பருவத்தில், அதே என்சிஏஏ குடையின் கீழ் நடந்தவை.

2009 செப்டம்பர் 3. ஒரேகான் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் (தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி ஆடும் வேறோர் ஆட்டம்) வீரர் லகாரட் பிளவுன்ட், ஆட்டம் முடிந்த பிறகு பாய்சி ஸ்டேட் அணி வீரர் ஒருவரின் முகத்தில் குத்தினார். மறுநாள் பருவம் முழுவதற்கும் தடை என்று அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அதே பல்கலைக்கழகம் அவரை அணியில் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

2009 அக்டோபர் 31. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வீரர் பிரான்டன் ஸ்பைக்ஸ், ஜார்ஜியா வீரரின் தலைக்கவசத்துக்குள் விரல்களை நுழைத்துக் கண்ணைக் குடையும் காட்சி கேமராவில் பதிவானது. பயிற்சியாளர் அர்பன் மேயர் விதித்த தடை, அடுத்த ஆட்டத்தின் முதல் பாதி. விமர்சனம் வலுத்தபின் முழு ஆட்டத்திலிருந்தும் விலகிக்கொள்வதாக வீரரே முன்வந்தார்.

ஐந்து நாள் கழித்து நியூ மெக்சிகோ சம்பவம். காலவரையற்ற இடைநீக்கம்.

2010 மார்ச் 3. பேலர் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர், டெக்சாஸ் டெக் வீராங்கனையின் முகத்தில் குத்தினார். மூக்கெலும்பு உடைந்தது. நடுவர்கள் பார்த்தார்கள், வெளியேற்றினார்கள். விதிப்படி தானாக ஓர் ஆட்டத் தடை. பயிற்சியாளர் கிம் மல்கி தன் பங்குக்கு இன்னோர் ஆட்டம் சேர்த்தார். மொத்தம் இரண்டு.

கண்ணைக் குடைந்ததற்கு அரை ஆட்டம். மூக்கை உடைத்ததற்கு இரண்டு ஆட்டம். கூந்தலை இழுத்ததற்கு எல்லையே இல்லை. காயத்தின் அளவு இந்த வரிசையை விளக்காது. செயலின் தன்மையும் விளக்காது. அணிக்கு அந்த ஆட்டக்காரர் எவ்வளவு தேவை, பருவத்தில் இன்னும் எத்தனை ஆட்டம் மிச்சம், காணொலி எவ்வளவு தூரம் பரவியது ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் ஓரளவு விளங்குகிறது.

பெண் என்பதும் ஒரு காரணம். ஆண்கள் ஃபுட்பாலில் முரட்டுத்தனம் ஆட்டத்தின் பகுதி என்று பார்வையாளர்கள் பழகியிருக்கிறார்கள். மகளிர் கால்பந்திடம் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு. நவம்பர் காணொலி பரவியபோது பேச்சு வெகுவிரைவில் பாதுகாப்பை விட்டு விலகி, பெண்கள் அடித்துக்கொள்ளும் வேடிக்கையாக மாறியது. பாலியல் கிண்டலாகவும் மாறியது. அந்த மாணவிக்கே அப்படிப்பட்ட செய்திகள் வந்ததாக அவர் பேட்டியில் சொல்லியிருந்தார். தரையில் விழுந்த வீராங்கனையின் கழுத்தைப் பற்றி அந்த ஆரவாரத்தில் பேசியவர்கள் மிகச் சிலர். இதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பெண்களின் வன்முறையைக் கேலிக்கூத்தாகப் பார்க்கும் கண், பெண்களுக்கு ஏற்படும் காயத்தையும் கேலிக்கூத்தாகத்தான் பார்க்கிறது. தண்டனை கடுமையாக இருந்ததால் விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்று பொருளல்ல.

பேசல், 2025: அதே இழுப்பு, வேறு முடிவு

பதினாறு ஆண்டு கழித்து ஏறக்குறைய அதே செயலை வேறோர் ஏற்பாடு எப்படிக் கையாண்டது என்று பார்க்கலாம். 2025 ஜூலை 19, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம். மகளிர் யூரோ கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியும் பிரான்சும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு ஃப்ரீ கிக் பெனால்டி பகுதிக்குள் வந்து விழுகிறது. ஜெர்மனியின் கத்ரின் ஹென்ட்ரிச், பிரான்சின் கிரீஜ் எம்போக்கின் கூந்தலைப் பற்றுகிறார். களத்தில் நடுவர் அதைக் கவனிக்கவில்லை. காணொலி உதவி நடுவர் அழைக்கிறார். நடுவர் ஓரத்துத் திரையில் போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்து சிவப்பு அட்டை காட்டுகிறார். பதின்மூன்றாம் நிமிடத்திலேயே ஜெர்மனிக்குப் பத்துப் பேர்தான். பெனால்டியை கிரேஸ் கெயோரோ கோலாக்கினார். ஜெர்மனி சமன் செய்து, கூடுதல் நேரம் முழுவதும் தாக்குப்பிடித்து, பெனால்டி ஷூட் அவுட்டில் 6-5 என்று வென்றது. ஹென்ட்ரிச் அரையிறுதியில் ஆட முடியவில்லை.

இங்கே தண்டனை உடனே வந்தது. செயலுக்கு நேரடியாக வந்தது. எவ்வளவு என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதிக்கப்பட்ட அணிக்கு ஆட்டத்திலேயே ஈடு கிடைத்தது. தவறு செய்தவரின் நாட்டுக் கால்பந்துச் சங்கம் உணர்ச்சிவசப்பட்டு அறிக்கை விட வேண்டிய தேவை எழவில்லை. அதனால் அந்த வீராங்கனையின் வாழ்க்கை அந்த ஒரு காட்சியோடு நின்றுபோகவுமில்லை.

காணொலி நடுவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செல்சி – டாட்டன்ஹாம் ஆண்கள் ஆட்டத்தில் டாட்டன்ஹாமின் கிறிஸ்டியன் ரொமேரோ, செல்சியின் மார்க் குகுரேயாவின் நீண்ட முடியைப் பற்றி இழுத்தார். காணொலி நடுவராக இருந்த மைக் டீன் அதைப் பார்த்தும் கள நடுவரைத் திரைக்கு அழைக்கவில்லை. ஆட்டம் 2-2 என முடிந்தது. தான் செய்தது தவறு என்று டீனே பிறகு ஒப்புக்கொண்டார். 2024 டிசம்பரில் அதே குகுரேயாவின் முடியை இழுத்த சவுதாம்ப்டன் அணித்தலைவர் ஜாக் ஸ்டீவன்ஸ் சிவப்பு அட்டை பெற்றார். கருவி ஒன்றுதான், நடுவர்களுக்குள் அளவுகோல் உறுதிப்பட்டதுதான் மாற்றம்.

கல்லூரி ஆட்டங்களிலும் இப்போது காணொலிப் பரிசீலனைக்கு இடமுண்டு. சண்டை நடந்ததா என்று உறுதி செய்யவும், அதில் ஈடுபட்டவர்கள் யார் என்று அடையாளம் காணவும் நடுவர் காட்சியைப் பார்க்கலாம். ஆனால் அதற்குக் கருவி வேண்டும். முதல் பிரிவில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட மகளிர் அணிகள் இருக்கின்றன. தனி அறையில் பல திரைகளோடு உட்கார்ந்து பார்க்கும் காணொலி நடுவர் என்பது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாக்கனி.

காவல் நிலையமும் நீதிமன்றமும் எப்போது வரும்

தெருவில் ஒருவர் கூந்தலை இழுத்துக் கீழே தள்ளினால் வழக்கு. களத்தில் ஏன் இல்லை? ஆட்டத்துக்குள் வருபவர், ஆட்டத்தோடு சேர்ந்த மோதலை ஏற்றுக்கொண்டே வருகிறார் என்பது சட்டத்தின் அடிப்படை. அந்த ஏற்பு எல்லையற்றது அல்ல. கால்பந்தில் இதற்கான முக்கியத் தீர்ப்பு 1975-இல் இலினாய் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது. பெனால்டி பகுதிக்குள் பந்தைக் கையில் வைத்திருந்த இளம் கோல்கீப்பரின் தலையில் எதிரணி வீரர் உதைத்து, நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்ட வழக்கு அது. பாதுகாப்புக்காகவே ஒரு விதி இருக்கும்போது, அதை வேண்டுமென்றே, அல்லது அடுத்தவர் பாதுகாப்பைத் துளியும் பொருட்படுத்தாமல் மீறுபவர் நஷ்ட ஈட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று நீதிமன்றம் கூறியது. வெறும் கவனக்குறைவுக்கு வழக்கு நிற்காது. நடைமுறையில் கடுமையான காயம் இல்லாத இடத்தில் யாரும் நீதிமன்றம் போவதில்லை; போகவும் வேண்டியதில்லை.

என்ன மாற வேண்டும்

என் முடிவு இது: களத்தில் தப்பிய வன்முறைக்குத் தண்டனை வேண்டும்; அதை விதிப்பது சொந்தப் பல்கலைக்கழகமாக இருக்கக் கூடாது.

கூட்டமைப்பு அளவில், இரண்டு அணிகளுக்கும் தொடர்பில்லாத மூன்று பேர் கொண்ட குழு போதும். ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர், முன்னாள் வீராங்கனை ஒருவர், விளையாட்டு மருத்துவர் ஒருவர். சம்பவம் நடந்த 48 மணி நேரத்துக்குள் முழு ஆட்டக் காட்சியையும் பார்த்து, இரு வீராங்கனைகளிடமும் கேட்டு முடிவு சொல்லட்டும். மருத்துவர் வேண்டும் என்பதற்குக் காரணம், இழுபட்ட கழுத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

தடையின் அளவு ஆட்டங்களின் எண்ணிக்கையில், முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணையாக இருக்கட்டும். பந்துக்குத் தொடர்பில்லாத தாக்குதலுக்கு இத்தனை ஆட்டம். தலை அல்லது கழுத்தைக் குறிவைத்தால் இத்தனை கூடுதல். எதிராளி தூண்டியது உறுதியானால் இத்தனை குறைவு, தூண்டியவருக்கும் தனியாகத் தடை. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நடந்தால் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்து எண்ணட்டும். அப்படி எண்ணிக்கை எழுதப்பட்டுவிட்டால், ‘காலவரையின்றி’ என்ற முடிவுக்கு ஒழுங்கு நடவடிக்கையில் இடமே இருக்காது. உதவித்தொகையை அந்த அட்டவணைக்குள் கொண்டுவரவே கூடாது, அது படிப்புக்கானது.

முடிவு வெளியாகும்போது காரணமும் எழுத்தில் வெளியாக வேண்டும்: எந்த நிமிடத்தில் எந்தச் செயல், எந்தப் பிரிவின்கீழ், எத்தனை ஆட்டம். நடுவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அவர் அடுத்த வாரம் விசில் ஊதும்போது, பந்து நகர்ந்த பின் எந்தப் பக்கம் ஒரு நொடி கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர அதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.